விண்வெளியோடு தொடர்புள்ள பழைய வாட்ச்சுகளைச் சேர்க்க எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன்: விண்வெளிப் பயணத்தோடு தொடர்புள்ள பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்க ஆசை, நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் விலை கைக்கு எட்டவில்லை, வேறு என்ன இருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது, எங்கே ஏமாறுவோம்? 15 ஆண்டுகளாக இவற்றைத் தேடி வாங்கி, பழுது பார்க்கக் கொடுத்து, சிலவற்றை விற்றும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

விற்பவர்கள் "விண்வெளி வாட்ச்" என்று சொன்னால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். உண்மையிலேயே மேலே போய்வந்த ஒரே ஒரு வாட்ச். அதே காலத்தில் அதே தொழிற்சாலையில் செய்து கடைக்கு வந்த அதன் உடன்பிறப்பு. பிற்பாடு ஞாபகார்த்தமாக வெளியிட்ட புதுப் பதிப்பு. முதல் வகை நம் வழிக்கு வராது. நாசா தன் வீரர்களுக்குக் கொடுத்த ஸ்பீட்மாஸ்டர்கள் அமெரிக்க அரசின் சொத்து; பல இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஏலத்துக்கு வருபவை வீரர்கள் சொந்தக் காசில் வாங்கியோ அன்பளிப்பாகப் பெற்றோ வைத்திருந்தவை. 1971ல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட்டின் ஸ்பீட்மாஸ்டர் கண்ணாடி கழன்று போய்விட்டது. மூன்றாவது நிலவு நடைக்கு அவர் தன்னிடம் இருந்த புலோவா குரோனோகிராஃபை, அதாவது ஓடவிட்டு நிறுத்தி நேரத்தை அளக்கும் வசதியுள்ள வாட்ச்சை, கட்டிக்கொண்டு இறங்கினார். அந்தப் புலோவா 2015 அக்டோபரில் பாஸ்டன் ஏலத்தில் 16,25,000 டாலருக்குப் போனது. மூன்றாவது வகையை வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அழகானவை உண்டு. ஆனால் அது பழைய வாட்ச் சேகரிப்பு ஆகாது.

ஆகவே நமக்கு உரியது இரண்டாவது வகைதான். அதில் இறங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கதை அந்த மாடலுக்கு உரியது. உங்கள் கைக்கு வரும் வாட்ச் மேலே போனதே இல்லை. நீங்கள் காசு கொடுப்பது அதன் டயலுக்கும் முள்ளுக்கும் கேஸுக்கும் (வெளிக்கூடு) மெஷினுக்கும். ஒருவர் நிலவில் நடந்த ஆல்ட்ரினின் கதையைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு மெஷினின் படத்தைக் காட்ட மறுத்தால், அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாங்காவிட்டாலும் ஸ்பீட்மாஸ்டரைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது, மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். 1957ல் கார் பந்தயக்காரர்களை மனத்தில் வைத்து வந்த வாட்ச் அது. 1962 அக்டோபர் 3 அன்று மெர்குரி விண்கலத்தில் ஆறு முறை பூமியைச் சுற்றிய வாலி ஷீரா, தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு போனார். மாடல் எண் சிகே 2998. ஜெமினி, அப்பல்லோ பயணங்களுக்கு அதிகாரபூர்வமாக ஒரு வாட்ச் வேண்டும் என்று வீரர்கள் கேட்டபோது நாசா அதை ஜேம்ஸ் ரேகன் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தது. ஹூஸ்டன் கடைவீதிக்கு ஆள் அனுப்பி ரகசியமாக வாங்கினார்கள் என்று ஒரு கதை இன்னமும் சுற்றுகிறது. அப்படி இல்லை, ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்சீன்ஸ் போன்ற நிறுவனங்களிடம் முறையாக விலைப்புள்ளி கேட்டு வாங்கி, சோதனை செய்து பார்த்தார்கள்.

அந்தச் சோதனைகளைப் படித்தபோதுதான் எனக்கு இந்த வாட்ச்சின் மேல் மரியாதை வந்தது. 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் 48 மணி நேரம், தொடர்ந்து 93 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு மைனஸ் 18ல் 4 மணி நேரம். 95 சதவீத ஈரப்பதத்தில் 240 மணி நேரம். புவியீர்ப்பைப்போல் 40 மடங்கு (40 ஜி) அளவுக்கு அதிர்ச்சிகள். ரோலெக்ஸ் ஈரப்பதச் சோதனையில் இரண்டு முறை நின்றது. பிறகு சூட்டில் அதன் நொடி முள் வளைந்து மற்ற முட்களில் உரசியது. லாஞ்சீன்ஸின் கண்ணாடி வெப்பத்தில் நெளிந்து கழன்றது. ஒமேகாவும் அடிபடாமல் வந்துவிடவில்லை. காற்றழுத்தத்தைக் குறைத்த சோதனையில் 21 நிமிடம் முந்தியது, முடுக்கச் சோதனையில் 15 நிமிடம் பிந்தியது, டயலில் இருந்த ஒளிர்பூச்சு போய்விட்டது. ஆனால் எல்லாம் முடிந்த பிறகு அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1965 மார்ச் 1 அன்று அதற்கு ஒப்புதல் கிடைத்தது. சாவி கொடுக்கும் சாதாரண கடை வாட்ச். விண்வெளிக்கென்று எதையும் மாற்றவில்லை. அதனால்தான் கடையில் விற்ற உடன்பிறப்புக்கு இவ்வளவு மதிப்பு.

மாடல்களில் மூன்று எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். 105.003 சோதனையில் தேறியது. 1965 ஜூனில் எட் ஒயிட் விண்ணில் மிதந்தபோது அவர் கையில் இருந்ததும் இதுதான், அதனால் இதற்கு "எட் ஒயிட்" என்றே பெயர். இதன் டயலில் "புரொஃபெஷனல்" என்ற சொல் கிடையாது, கிரவுன் (சாவி கொடுக்கவும் நேரம் வைக்கவும் உள்ள திருகு) பக்கம் கேஸ் புடைத்திருக்காது. 105.012 ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் வைத்திருந்தது. நிலவில் இறங்கியபோது கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால் ஆர்ம்ஸ்ட்ராங் தன் வாட்ச்சை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார். ஆகவே நிலவில் முதலில் நடந்த வாட்ச் ஆல்ட்ரினுடையது. அது பின்னாளில் ஸ்மித்சோனியனுக்கு அனுப்பிய வழியில் தொலைந்துபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. மூன்றாவது 145.012, அதே பயணத்தில் நிலவில் இறங்காமல் கலத்தில் இருந்த மைக்கேல் காலின்ஸ் கட்டியது. இந்த மூன்றிலும் ஓடுவது 321 என்ற மெஷின். 1968ல் வந்த 145.022 மாடலில் 861 என்ற வேறு மெஷின் வந்துவிட்டது. நிலவில் கால் வைத்தவர்கள் கட்டியிருந்த ஸ்பீட்மாஸ்டர்களில் ஓடியது 321 தான். இந்த ஒரு வேறுபாட்டால் விலை எங்கேயோ போய்விடுகிறது. 861 இன்னும் எளிமையானது, பழுது பார்க்கச் சுலபம், தினமும் கட்டிக்கொள்ள ஏற்றது. "விலை எட்டவில்லை" என்று நீங்கள் சொல்வது 321ஐ மனத்தில் வைத்து என்றால், எழுபதுகளின் 145.022ஐ ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கையில் ஒன்று கிடைத்தால் எப்படிப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணில் வைத்து வெளியிலிருந்து உள்ளே போங்கள். முதலில் கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு பெசல் வளையத்தில் 90 என்ற எண். 1970 வாக்கு வரை வந்தவற்றில் அதன் புள்ளி 90க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். பிறகு வந்தவற்றில் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். அறுபதுகளின் வாட்ச்சில் பக்கத்துப் புள்ளி இருந்தால் வளையம் மாற்றியது என்று பொருள். அடுத்து கண்ணாடி. இது உண்மையில் கண்ணாடி அல்ல, ஹெசலைட் என்ற பிளாஸ்டிக்; உடைந்து சில்லு சில்லாகக் கலத்துக்குள் பறக்காது என்பதற்காகவே நாசா இதை விரும்பியது. அதன் நட்டநடுவில், முட்களின் அச்சுக்கு நேர் மேலே, ஒமேகா சின்னம் கடுகை விடச் சிறிதாகப் பதிந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அது கண்ணாடி அசல் என்று மட்டும் சொல்லும், காலத்தைச் சொல்லாது. 321 வாட்ச்சில் டயலின் 12 மணிக்குக் கீழே ஒமேகா சின்னம் உலோகத்தில் தனியாகச் செய்து பதித்ததாக இருக்கும், அச்சடித்திருக்காது. டயலின் ஓரம் படி இறங்குவதுபோல் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

பிறகு கேஸ். வார் பூட்டும் கொம்புகளில் தேய்த்த பரப்பும் பளபளப்பான பரப்பும் சந்திக்கும் கோடு கத்தி முனைபோல் இருக்க வேண்டும். சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று உருண்டிருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள். டயலையும் முள்ளையும் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம். தேய்ந்துபோன எஃகைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கீறல் நிறைந்த, பாலிஷ் போடாத கேஸை நான் எப்போதும் மேலாக வைப்பேன். கடைசியில் பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்: மூடியின் உட்புறத்தில் மாடல் எண், மெஷினில் வரிசை எண். இரண்டும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும்.

காலம் ஒத்துப்போனால் மட்டும் நிம்மதி அடைந்துவிட முடியாது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957ஆம் வருடத்து ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023ல் அது பல வாட்ச்சுகளின் பாகங்களைக் கூட்டிச் செய்தது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கும் அதில் தொடர்பு உண்டு என்றும் அந்த நிறுவனமே அறிவித்தது. அசல் பாகங்கள், அசல் எண்கள், ஆனால் அந்த வாட்ச் அந்த உருவில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே இல்லை. நான் இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொண்டு, வாங்குவதற்கு முன் அதன் நூறு படங்களையாவது பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு நேரடி விடை: ஸ்பீட்மாஸ்டர் எட்டவில்லை என்றால் முதலில் ஜப்பானிய சீகோ (Seiko) 6139 பக்கம் போங்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமான கதை இதனுடையது. வில்லியம் போக் என்ற வீரர் 1972ல் எலிங்டன் விமானப்படைத் தளத்துக் கடையில் 71 டாலர் கொடுத்து மஞ்சள் டயல் சீகோ ஒன்றை வாங்கினார். பயிற்சியில் எஞ்சின் எரியும் நேரத்தை அளக்க ஒரு குரோனோகிராஃப் வேண்டியிருந்தது. நாசாவின் ஒமேகா இன்னும் கைக்கு வரவில்லை. பழகிப்போன அந்த வாட்ச்சையே 1973 நவம்பரில் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்கு எடுத்துச் சென்று, 84 நாட்கள் வைத்திருந்தார். கையசைவில் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப் விண்வெளிக்குப் போனது அதுவே முதல் முறை. பல ஆண்டுகள் இது வெளியே தெரியவில்லை. பழைய புகைப்படங்களில் ஒரு சேகரிப்பாளர் கவனித்து அவரிடமே கேட்டபிறகுதான் உறுதியானது. போக் கட்டிய அசல் 2008 ஏலத்தில் 5,975 டாலருக்குப் போனது. இன்றைக்கு அந்தத் தொகையைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

"போக்" என்று விற்பவற்றில் கவனமாக இருக்க வேண்டியது டயல். புதிதாக அடித்த போலி டயல்கள் ஏராளம். அசலின் மஞ்சளில் உலோகத்தின் மினுமினுப்பு உள்ளிருந்து வரும், திருப்பும்போது ஒளி விசிறிபோல் நகரும். போலி பெயிண்ட் அடித்த தகரம்போல் இருக்கும், எழுத்தின் விளிம்பு லென்ஸில் மொத்தையாகத் தெரியும். பின்மூடியில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 2, 5 என்று தொடங்கினால் 1972 மே. முந்தைய வாட்ச்சுகளில் நீர் புகாது என்பதற்கு "புரூஃப்" என்றும், பிந்தியவற்றில் "ரெசிஸ்ட்" என்றும் எழுதியிருப்பார்கள். டயலும் பின்மூடியும் ஒன்றையே சொல்ல வேண்டும். இந்த வாட்ச்சுக்கு கிரவுனைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, திருகினால் உள்ளே இருக்கும் மஞ்சள் வளையம்தான் சுற்றும். அது சுற்றவில்லை என்றால் உள்ளே பல்சக்கரம் போயிருக்கும். மேல் பட்டனை அழுத்தி ஓடவிட்டு, நிறுத்தி, கீழ்ப் பட்டனை அழுத்துங்கள். பெரிய முள் சரியாக 12க்கு வந்து நிற்க வேண்டும். ஒரு கோடு தள்ளி நின்றால் யாரோ முள்ளைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது ரஷ்ய வாட்ச்சுகள். எனக்கு மிகவும் பிடித்ததும், நான் மிகவும் அடிபட்டதும் இங்கேதான். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடம் பறந்து திரும்பியபோது கட்டியிருந்தது ஸ்டுர்மான்ஸ்கி, மாஸ்கோ முதல் வாட்ச் தொழிற்சாலையில் செய்தது. அதைக் கடையில் விற்கவில்லை, விமானப் படைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆகவே எண்ணிக்கை குறைவு, போலி அதிகம். நான் வாங்கியதன் டயல் கண்ணைப் பறித்தது. 60 வருடத்துப் பொருள் எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரம் வைக்க கிரவுனை இழுத்தேன். நொடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நொடியில் புரிந்துவிட்டது. விமானிகள் எல்லோரும் ஒரே நொடியில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்காகவே, கிரவுனை இழுத்தால் நொடி முள் நிற்கும்படி ஸ்டுர்மான்ஸ்கியின் மெஷினைச் செய்தார்கள். என்னிடம் வந்தது பொதுமக்களுக்கு விற்ற பொபேடா வாட்ச்சின் மெஷின், மேலே புதிதாக அச்சடித்த டயல். விற்றவர் அதன் பிறகு பதில் சொல்லவில்லை. கிரவுனை இழுத்து நொடி முள் நிற்பதைக் காட்டும் வீடியோ கேளுங்கள். பத்து நொடி வேலை.

ஸ்ட்ரெலா இதைவிடப் பாதுகாப்பான வழி. 1965 மார்ச் 18 அன்று அலெக்ஸி லியோனோவ் மனித வரலாற்றில் முதல்முறையாகக் கலத்தை விட்டு வெளியே மிதந்து 12 நிமிடம் இருந்தபோது அவரிடம் இருந்தது ஸ்ட்ரெலா குரோனோகிராஃப். உள்ளே 3017 என்ற மெஷின், சுவிஸ் வீனஸ் 150ஐ அடியொற்றியது. மெஷினில் 3017 என்று பொறித்திருக்கும். ஸ்ட்ரெலா என்ற பெயரில் இன்று புதிதாக வருபவற்றில் அது இருக்காது. இன்னும் குறைந்த செலவில் வேண்டும் என்றால் எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த பொல்யோட் 3133. சுவிஸ் வால்ஜூ 7734 செய்த இயந்திரங்களை மாஸ்கோ தொழிற்சாலை வாங்கி அதிலிருந்து உருவாக்கியது. 1994 முதல் 1995 வரை மீர் விண்வெளி நிலையத்தில் ஒரே மூச்சில் 437 நாட்கள் இருந்த வலேரி பொல்யாகோவ் கையிலும் 3133 தான். என் பார்வையில், கொடுக்கும் காசுக்கு இதைவிட அதிக வரலாறு வேறு எந்த குரோனோகிராஃபிலும் கிடைக்காது.

புலோவா அக்யூட்ரான் முற்றிலும் வேறு ரகம். 1960ல் வந்தது, இதில் டிக்டிக் கிடையாது. நொடிக்கு 360 முறை அதிரும் ஒரு சிறு இசைக்கவை நேரத்தை ஓட்டுகிறது. இரவில் மேசை மேல் வைத்தால் தேனீ தூரத்தில் பறப்பதுபோல் ரீங்காரம் கேட்கும். 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள சக்கரத்தில் 300 பற்கள் வெட்டியிருக்கிறார்கள். முதல்முறை நுண்ணோக்கியில் பார்த்தபோது நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விண்வெளி வீரர் கார்டன் கூப்பர் 1963ல் அக்யூட்ரான் ஆஸ்ட்ரோநாட் என்ற மாடலைக் கட்டிக்கொண்டு மேலே போனார். வாங்குமுன் கேட்க வேண்டியது உள்ளே இருக்கும் காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) நன்றாக இருக்கிறதா என்பது. அறுந்திருந்தால் மாற்றுக் காயிலுக்கு அலைய வேண்டும். அக்காலத்து 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது. 1.55 வோல்ட் போட்டால் சில வாட்ச்சுகள் தாறுமாறாக வேகமாக ஓடும். தெரிந்தவர் கையால் சரிசெய்ய வேண்டும்.

பிரைட்லிங் காஸ்மோனாட் 24 மணி நேர டயல் கொண்டது, விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர் கேட்டுச் செய்துகொண்டது. சுற்றுப்பாதையில் ஒன்றரை மணிக்கு ஒரு முறை விடிந்து இருட்டும்போது 12 மணி டயலை வைத்துக்கொண்டு பகலா இரவா என்று சொல்ல முடியாதே. 1962 மே 24 அன்று அவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி விழுந்து, கடலில் மிதவையில் சுமார் மூன்று மணி நேரம் காத்திருந்தார். உப்புநீர் அந்த வாட்ச்சைத் தின்றுவிட்டது. விலை அதிகம்தான். கிளைசின் ஏர்மேன் அதே 24 மணி நேர டயலோடு குறைந்த விலையில் கிடைக்கும், ஜெமினி 5ல் பீட் கான்ராட் கட்டியிருந்தார். கேசியோ ஜி-ஷாக் டிடபிள்யூ 5600சியையும் தள்ளிவிடாதீர்கள். நாசா பறக்க ஒப்புதல் கொடுத்தது, அதன் விலையைக் கேட்டு யாருக்கும் தூக்கம் போகாது.

இருட்டில் ஒளிரும் பூச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாறுவது இதில்தான், உடம்பைக் கெடுப்பதும் இதுதான். அறுபதுகளின் தொடக்கம் வரை பல வாட்ச்சுகளில் ரேடியம் பூசினார்கள். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ஒளி எப்போதோ போயிருக்கும், கதிர்வீச்சு போகாது. பொடியாக உதிரும் அந்தப் பூச்சு மூச்சில் போகக்கூடாது, ஆகவே அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்காதீர்கள். பிறகு வந்த டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள்தான். 1967ல் பூசிய டிரிடியம் இன்று இரவு முழுக்க எரிய வழியே இல்லை. டார்ச் அடித்து அணைத்தால் ஒரு கணம் மங்கலாகத் தெரிந்து மறையும். பளிச்சென்று பச்சையாக நின்று எரிந்தால் பூச்சு புதியது. டயலும் முட்களும் ஒரே பழுப்பு நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். டயல் தேன் நிறம், முள் வெள்ளை என்றால் முள் பிந்தியது.

வாங்கியபின் நல்ல சர்வீஸ் செய்பவரைப் பிடியுங்கள், கொடுக்கும்போதே இரண்டு விஷயத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம். கேட்காமல் முள், டயல், பெசல் எதையும் மாற்ற வேண்டாம். நிறுவனத்தின் சர்வீஸ் மையங்களில் பழைய முள்ளை எடுத்துவிட்டுப் புதிய ஒளிர்பூச்சுள்ள முள்ளைப் போடுவது வழக்கமான நடைமுறை. அவர்கள் பார்வையில் அது நல்ல காரியம், சேகரிப்பவருக்கு இழப்பு. கட்டாயம் மாற்ற வேண்டிய பாகம் இருந்தால், கழற்றியதை ஒரு சிறு பையில் போட்டு வாட்ச்சோடு திருப்பிக் கேளுங்கள், உடைந்த பட்டனாக இருந்தாலும் சரி, கீறல் விழுந்த கண்ணாடியாக இருந்தாலும் சரி. என் 145.022ன் அசல் பெசல் அப்படி ஒரு பையில்தான் 11 ஆண்டுகள் கிடந்தது; போன மாதம் திரும்ப மாட்டினேன்.